சக வீரருக்காக ஒரு குரல்

களத்தில் ஆடிக்கொண்டிருக்கும் வீரர் தன் குறையைத் தானே வாய்விட்டுச் சொல்வது அரிது. அணித் தேர்வு அதிகாரிகளின் கையில் இருக்கிறது. விடுதியில் இடம், பயணப்படி, போட்டிக்குப் பெயர் கொடுப்பது எல்லாமே யாரோ ஒருவருடைய கையெழுத்துக்குக் காத்திருக்கின்றன. கேள்வி கேட்டால் பட்டியலில் பெயர் விடுபட்டுப் போகுமோ என்ற அச்சம் பதினெட்டு வயதுப் பிள்ளையின் வாயைக் கட்டிவிடும். அதே கேள்வியைப் பல போட்டிகளைக் கண்ட மூத்த வீரர் கேட்டால் அதை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. சக வீரர்களுக்கு மூத்தவர்கள் தலைமை ஏற்பதும், அவர்களுக்காக வாதாடுவதும் இங்கேதான் தொடங்குகின்றன. இந்தப் பணி மைதானத்திலும், விதிகளின் முன்னிலையிலும், நிர்வாகக் கூட்டங்களிலும் நடக்கிறது.

முதலில் மைதானம். மதுரையில் ரேஸ்கோர்ஸ் மைதானம் என்று மக்கள் சொல்லும் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்துக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் ஓடிப் பழக வருகிறார்கள். அவர்களுக்காக யாராவது பேச வேண்டிய முதல் இடம் வீட்டு வாசல். மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி, பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். தொடக்கத்தில் வெறுங்காலோடு ஓடியவர். பேத்தியைப் பயிற்சிக்கு அனுப்பப் பாட்டி தயங்கியபோது, பேசிச் சம்மதிக்க வைத்தவர் பயிற்சியாளர் கண்ணன். டோக் பெருமாட்டி கல்லூரியில் படிப்புக்கும் விடுதிக்கும் வழி பிறந்தது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்ட இந்திய அணியில் ரேவதி ஓடினார். ஓட்டக் கலையைக் கற்பிப்பதற்கு முன்பே, ஓட வருவதற்கான அனுமதியை ஒருவர் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

மாற்றுத்திறன் வீரர்களுக்கு இந்தத் துணை இன்னும் கூடுதலாகத் தேவை. மதுரையைச் சேர்ந்த ஜெ. ரஞ்சித்குமார், 2006இல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் மாற்றுத்திறனாளர் வட்டு எறிதலில் வெண்கலம் வென்றவர். பின்னர் மதுரையிலேயே மாற்றுத்திறன் தடகள வீரர்களுக்குப் பயிற்சி அளிப்பவரானார். 2020இல் அவருக்கு இந்திய அரசின் தியான்சந்த் விருது கிடைத்தது. 2002இல் ஏற்படுத்தப்பட்ட அந்த விருது, ஆடிய காலத்தில் சாதித்து, ஓய்வுக்குப் பிறகும் விளையாட்டுக்காக உழைத்தவர்களுக்கு உரியதாக இருந்தது.

அனுபவம் எப்படித் துணையாகிறது என்பதற்கு உட்கார்ந்து எறியும் போட்டி நல்ல சான்று. எறிபவரின் இருக்கை, மெத்தையோடு சேர்த்து 75 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. அதைப் பட்டைகளால் தரையோடு இறுக்கிக் கட்டுவார்கள். எறியும்போது உடல் இருக்கையை விட்டு எழுந்தால் அந்த எறிதல் செல்லாது. கட்டு சற்றே தளர்ந்தாலும் தோளின் வலு வட்டுக்குப் போய்ச் சேராது. எந்தப் பட்டை எங்கே தளரும் என்பது அந்த இருக்கையில் அமர்ந்து எறிந்தவருக்குத் தொட்டதும் தெரியும். சாய்தளம் இல்லாத வாசல், சக்கர நாற்காலி நுழையாத கழிப்பறை, உயரமான பேருந்துப் படி ஆகியவற்றையும் அவர்தான் முதலில் கண்டு சொல்வார்.

அடுத்தது விதிகள். மாற்றுத்திறன் போட்டிகளில் உடல்நிலையைப் பொறுத்து வீரர்களை வகை பிரிப்பார்கள். வகை மாறினால் போட்டியாளர்களும் மாறுவார்கள். பதக்க வாய்ப்பும் மாறும். வகை பிரிக்கும் பரிசோதனைக்கு வீரர் தம்மோடு ஒரு துணையை அழைத்துச் செல்லலாம். முடிவை எதிர்த்து முறையிடவும் வழி உண்டு. ஊக்கமருந்து விதியோ எல்லா வீரர்களுக்கும் பொது. உடலில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால், அது எப்படி வந்தது என்று தெரியாவிட்டாலும் பொறுப்பு வீரருடையதே. சளிக்கு வாங்கும் மருந்தையும் விளையாட்டு மருத்துவரிடம் காட்டாமல் குடிக்காதே என்று ஒரு சீனியர் சொல்லும் சொல், பல ஆண்டு உழைப்பைக் காப்பாற்றும்.

பக்கத்தில் யாரும் இல்லாதபோது என்ன நேரும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் அனுபவித்தார். செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த அவர், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருடைய அந்தரங்கம் ஊரறியப் பேசப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2014இல், ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் ஹார்மோன் அளவு விதியால் தடுக்கப்பட்டார். அவருக்கு விதி தெரிந்த ஆலோசகர்களும் வழக்கறிஞர்களும் கிடைத்தார்கள். விளையாட்டு நடுவர் மன்றம் 2015 ஜூலையில் அந்த விதியை நிறுத்தி வைத்தது. டூட்டி மீண்டும் ஓடினார். விதிகள் பிறகு வேறு வடிவங்களில் திரும்பி வந்தன. ஆனாலும் துணையோடு நின்றவரால் கேள்வி கேட்க முடிந்தது. சாந்தியும் ஒதுங்கிவிடவில்லை. அரசு தந்த பரிசுப் பணத்தைக் கொண்டு புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தொடங்கினார். பின்னாளில் மாநில அரசின் பயிற்சியாளரானார்.

மூன்றாவது நிர்வாகம். 1981இல் ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் கூடிய ஒலிம்பிக் மாநாட்டில் வீரர்களுக்குப் பேச வாய்ப்புத் தரப்பட்டது. அதே ஆண்டு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி வீரர் ஆணையத்தை அமைத்தது. இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் வீரர் ஆணையத்துக்கு 2022 நவம்பரில் தேர்தல் நடந்தது. குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் தலைவரானார், சென்னையின் டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமல் துணைத் தலைவரானார். அடுத்த மாதமே பி.டி. உஷா சங்கத்தின் முதல் பெண் தலைவர் ஆனார். கிரிக்கெட்டில், உச்ச நீதிமன்றம் ஏற்ற லோதா சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைகளின் பயனாக 2019இல் முன்னாள் வீரர்களின் சங்கம் உருவானது. சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமி இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் உயர்குழுவில் வீராங்கனைகளின் பிரதிநிதியாக அமர்ந்தார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், விளையாட்டு அமைப்புகளின் செயற்குழுவில் சிறந்த வீரர்கள் இருவராவது இடம்பெற வேண்டும் என்கிறது. வீரர் குழு ஒன்றையும் கட்டாயமாக்குகிறது.

பதக்கம் பெற்ற எல்லோரும் நல்ல பிரதிநிதி ஆகிவிடுவதில்லை. விதிப் புத்தகத்தைப் படிக்கும் பொறுமை வேண்டும். தன் மாணவருக்கும் பிறர் மாணவருக்கும் ஒரே நியாயம் பேச வேண்டும். வீரர் நம்பிச் சொன்ன ரகசியத்தைக் காக்க வேண்டும். பதவியில் இருப்பவர் தவறு செய்தால், அவர் பழைய தோழரே ஆனாலும் எழுந்து நிற்க வேண்டும். டெல்லியில் கிடைத்த இடம் மட்டும் போதாது. மாவட்டத் தேர்வுப் போட்டியில் பெயர் விடுபட்ட ஒரு பிள்ளை, நடந்ததை அச்சமின்றிச் சொல்ல ஒரு மூத்த வீரர் அதே மைதானத்தில் இருக்க வேண்டும்.