தேன்பெட்டிக்குள் ஒரு வைரஸ்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் போனால், ரப்பர் தோட்டங்களுக்குள் தேன்பெட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ரப்பர் மரத்தின் இளந்தளிரில் சுரக்கும் இனிப்பு நீர்தான் அங்கே தேனீக்குப் பெரிய வரும்படி. 1991, 92 வாக்கில் அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை காலியாகிவிட்டன. காரணம், தாய் சாக்புரூட் என்கிற வைரஸ். தாய்லாந்தில் முதலில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். தென்னிந்தியாவில் பத்துக்கு ஒன்பது கூட்டம் அழிந்ததாகச் சொல்கிறார்கள்.

வளர்ந்த தேனீயைப் பார்த்தால் நோய் தெரியாது. சாவது புழுதான். கூட்டுப்புழுவாக மாறும் தறுவாயில் செத்து, அறைக்குள் மல்லாந்து கிடக்கும். தலை மட்டும் சற்றே தூக்கியிருக்கும். இடுக்கியால் எடுத்தால் தண்ணீர் நிரம்பிய சின்னப் பையாகத் தொங்கும். செத்த புழுவை அப்புறப்படுத்துகிற வேலைக்காரத் தேனீயே, அடுத்த புழுவுக்கு இரையூட்டும்போது வைரஸையும் ஊட்டிவிடுகிறது. சுத்தம் பார்க்கப் போய் வந்த வினை, பாருங்கள்!

இதற்கு மருந்து கிடையாது. ராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து, முட்டையிடுவதை நிறுத்துவார்கள். புழு இல்லையென்றால் வைரஸ் பெருக வழியில்லை. தாக்குப்பிடித்த கூட்டங்களைப் பெருக்கித்தான் தொழில் மறுபடி தலையெடுத்தது.

புதிதாகத் தேன்பெட்டி வாங்கப் போகிறீர்களா? தேனடையை மட்டும் பார்க்காதீர்கள். புழு இருக்கும் அடையையும் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். நோய் கண்ட பெட்டியின் அடையை அடுத்த பெட்டிக்கு மாற்றவே மாற்றாதீர்கள்.