ஊராய்வில் முதற்படி
(திருவரங்குளத்தில் ஊர்நலப் பணியாளர்களிடையே நிகழ்த்திய உரை)



கிராம நலத்திற்காக உழைப்போர் அடிக்கடி மேற்கொள்ள நேரும் பணிகளுள் ஒன்று, ஊரைப் பற்றிய ஆய்வு. குடும்பங்களின் எண்ணிக்கை, நிலத்தின் பரப்பு, கிணறுகளின் ஆழம், கால்நடைகளின் கணக்கு என எத்தனையோ விவரங்கள் வீடுவீடாகத் திரட்டப்படுகின்றன. படிவங்கள் கட்டுக்கட்டாகச் சேருகின்றன. ஆயினும், "இவற்றால் அறிந்துகொண்டது யாது? இனிச் செய்ய வேண்டியது யாது?" என்று ஒருவர் வினவினால், பல வேளைகளில் தக்க விடை கிடைப்பதில்லை.

இதற்குக் காரணம் உழைப்பின் குறைவன்று. ஊர் மக்களின் ஒத்துழைப்பின்மையும் அன்று. எதனை அறியப் புறப்படுகிறோம் என்பதை வரையறுத்துக் கொள்ளாமலே புறப்பட்டு விடுவதுதான் காரணம். ஆகவே, ஆய்வுக்குரிய வினாவை அமைத்துக் கொள்வது எவ்வாறு, அதன் நோக்கங்களைத் தெளிவாக வகுப்பது எவ்வாறு என்பன பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். மக்கள் நம்மிடம் கூறுவது குறை. ஆய்வுக்கு வேண்டுவது வினா. குறையை வினாவாக மாற்றுவதே ஆய்வாளரின் முதற் கடமையாகும்.

இப்பகுதிக்குப் பழக்கமான ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். "உளுந்து முன்போல் விளைவதில்லை" என்று உழவர் ஒருவர் கூறுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அது உண்மையான குறை. ஆனால் அதனை அப்படியே தலைப்பாக எழுதிக் கொண்டு ஆய்வைத் தொடங்கினால் கரை காண இயலாது. விதை சரியாக முளைக்கவில்லையா? இலை மஞ்சளாகிறதா? பூ உதிர்கிறதா? காய் திரளவில்லையா? ஒவ்வொன்றும் தனித்தனி வினா.

இலை மஞ்சளாகிறது என்பதையே மேலும் ஆராய்ந்து பார்ப்போம். இளம் இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் சீராக வெளிறினால், அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு; அன்னபேதி உப்புக் கரைசலைத் தெளித்தால் பயிர் தேறும். பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்து தோன்றினால், அது மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈயினால் பரவும் நச்சுயிரி நோய் அது. நோயுற்ற செடியைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. தாக்குண்ட செடிகளைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழிப்பதும், வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதும், நோயைத் தாங்கும் இரகத்தை விதைப்பதுமே வழிகள். பூ உதிர்வதோ முற்றிலும் வேறு செய்தி. அதற்கெனப் பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், 15 நாள் கழித்து மற்றொரு முறையும் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசலைத் தெளிக்குமாறு வேளாண்மைத் துறையினர் கூறுவர்.

உளுந்து ஏறக்குறைய 70 நாட்களில் முடிந்துவிடும் பயிர். வினாவைத் தவறாக அமைத்துக் கொண்டு, ஒரு நோய்க்குரிய செலவை மற்றொரு நோய்க்குச் செய்துவிட்டால், கைப்பொருளும் போகும், பருவமும் போகும். ஆய்வின் முதற்படி ஏட்டுப் படிப்பைச் சேர்ந்தது என்று எண்ணுவோர், அது ஓர் ஏழைக் குடும்பத்தின் ஒரு போக வருவாயைச் சார்ந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, அடுத்த படிக்குச் செல்வோம். இவ்வூருக்கு அண்மையில் வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியப் பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மஞ்சள் தேமலைத் தாங்கும் உளுந்து இரகங்கள் அங்கிருந்து வெளிவந்துள்ளன. 2016-இல் வெளியிடப்பெற்ற வம்பன் 8 அவற்றுள் ஒன்று. எனவே, "மஞ்சள் தேமலைத் தாங்கும் இரகம் உண்டா?" என்பது இனி நாம் ஆராய வேண்டிய வினாவன்று, அதற்கு விடை கிடைத்துவிட்டது. பிறர் முன்னரே கண்டறிந்தவற்றைத் தெரிந்து கொள்வதும் வினாவை அமைக்கும் வேலையின் ஒரு பகுதியேயாகும். எஞ்சி நிற்கும் வினாவை இவ்வாறு அமைக்கலாம்: "திருவரங்குளம் ஒன்றியத்தில் இப்பருவத்தில் மானாவாரியாக உளுந்து விதைத்தோருள், மஞ்சள் தேமலைத் தாங்கும் இரகத்தை விதைத்தோர் எத்தனை பேர்? ஏனையோர் அதனை விதையாமைக்குக் காரணம் யாது?"

இவ்வினாவில் இடம் இருக்கிறது, காலம் இருக்கிறது, யாரைப் பற்றியது என்பது இருக்கிறது, எதனை எண்ண வேண்டும் என்பதும் இருக்கிறது. அனைத்திற்கும் மேலாக, விடைக்கேற்பச் செயல் மாறும். இரகத்தின் பெயரே தெரியாது என்பது விடையானால், வயல்வெளிச் செயல்விளக்கம் வேண்டும். பெயர் தெரியும், ஆனால் விதைக்கும் வேளையில் விதை கிடைப்பதில்லை என்பது விடையானால், விதை வழங்கும் ஏற்பாட்டைத் திருத்த வேண்டும். விதையைக் கடனாகக் கொடுக்கும் வணிகர் கொடுப்பதையே விதைக்க நேர்கிறது என்பது விடையானால், கடன் வசதியைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். எந்த விடை வந்தாலும் செய்யப் போவது ஒன்றுதான் என்றால், அந்த வினாவைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

வினா அமைந்த பின்னர் நோக்கங்களை வகுக்க வேண்டும். "உளுந்து விளைச்சலைப் பெருக்குதல்" என்று எழுதுவோர் பலர். அது திட்டத்தின் குறிக்கோள், ஆய்வின் நோக்கமன்று. ஆய்வு விளைச்சலைப் பெருக்காது, அறிவைத் தரும். ஆகவே நோக்கங்களை இவ்வாறு எழுதலாம். முதலாவது, நோய் தாங்கும் இரகத்தை விதைத்தோரின் எண்ணிக்கையைக் கணக்கிடுதல். இரண்டாவது, ஒவ்வொருவரும் விதையை எங்கிருந்து, எப்பொழுது, என்ன விலைக்குப் பெற்றார் என்பதை அறிதல். மூன்றாவது, அவ்விரகத்தை விதையாதவர்கள் கூறும் காரணங்களைச் சொந்த நிலத்தார், குத்தகை நிலத்தார் என்று பிரித்து ஒப்பிடுதல். கணக்கிடுதல், அறிதல், ஒப்பிடுதல் என்னும் வினைகள் தெளிவானவை. முடிந்ததா, முடியவில்லையா என்று எவரும் கூறிவிடலாம். மூன்று நோக்கங்களுக்கு மேல் சேர்க்கும்போது நம்மால் இயலுமா என்று ஒரு முறைக்கு இரு முறை எண்ணிப் பார்த்தல் நலம்.

மற்றொரு தவற்றினின்றும் விலகி நிற்க வேண்டும். "உழவர்களின் அறியாமையால் விளைச்சல் குன்றுவதை ஆராய்தல்" என்று எழுதினால், விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதியதாகும். அறியாமைதான் காரணமா என்பதன்றோ நாம் காண வேண்டியது?

தெளிவான நோக்கத்தின் பயனை உணர இம்மாவட்டத்தின் வரலாறே சான்று. 1991-92-இல், திருமதி ஷீலாராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. எழுத்தறிவு என்பது பரந்த சொல். ஆனால் தேசிய எழுத்தறிவு இயக்கம் அதற்கு அளவு வகுத்திருந்தது: நிமிடத்திற்கு 30 சொற்களை வாய்விட்டுப் படித்தல், 7 சொற்களைப் பார்த்து எழுதுதல், சொல்லக் கேட்டு 5 சொற்களை எழுதுதல், 1 முதல் 100 வரை எண்களை அறிதல் என்பன அவற்றுட் சில. இவ்வாறு வரையறை இருந்தமையால், கற்றவர் யார், இன்னும் கற்க வேண்டியவர் யார் என்று பிரித்தறிய இயன்றது.

அதே இயக்கத்தில் பல்லாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். அதனை ஆராய விரும்புவோர், "எத்தனை பேர் கற்றனர்?" என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. கற்றவர் பின்னரும் ஓட்டுகின்றாரா, வண்டி எவருடையது, அதனால் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் மிஞ்சிற்று என்று கேட்டால்தான், அது அப்பெண்களின் வாழ்வில் விளைத்த மாறுதல் விளங்கும். கற்றோர் தொகை முயற்சியைக் காட்டும். பின்னைய வினாக்கள் பயனைக் காட்டும்.

வினாக்களைத் திட்டமாக எழுதி வைத்தால் பின்வருவோருக்கும் அவை உதவும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளாதாரப் பேராசிரியராகிய கில்பர்ட் சிலேட்டர், 1916-இல் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, கிராமங்களை ஆராயச் செய்தார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகிய ஊர்கள் அவற்றுள் அடங்கும். அவ்வாய்வுகள் 1918-இல் நூலாக வெளிவந்தன. ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்குப் பின், பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராய ஏற்பாடு செய்து, 1940-இல் வெளியிட்டனர். அதன் பின்னரும் அவ்வூர்களுட் சில ஆராயப் பெற்றுள்ளன. முன்பு கேட்டது என்ன என்பது ஏட்டில் இருந்தமையாலன்றோ, நிலவுடைமையும் கூலியும் கடனும் எவ்வாறு மாறின என்று பின்வந்தோர் ஒப்பிட முடிந்தது!

ஆகவே, படிவத்தை அச்சிடுவதற்கு முன் நான்கு சோதனைகளைச் செய்து கொள்வோமாக. நம் வினாவை ஒரே வாக்கியத்தில், ஊர்ப் பெரியவர் ஒருவருக்கும் கூலிவேலை செய்யும் தாய் ஒருவருக்கும் விளங்கும்படி கூற முடிகிறதா? நம்மிடம் உள்ள ஆட்களையும் நாட்களையும் கொண்டு அதற்கு விடை காண இயலுமா? விடை தெரிந்தால் எவராவது தம் செயலை மாற்றிக் கொள்வாரா? படிவத்தில் உள்ள ஒவ்வொரு கேள்வியும் ஏதேனும் ஒரு நோக்கத்திற்குப் பயன்படுகிறதா? பயன்படாத கேள்வியைத் தயங்காமல் நீக்கிவிட வேண்டும். அதன் பின் ஐந்தாறு வீடுகளில் மட்டும் கேட்டுப் பார்த்து, விளங்காத சொற்களைத் திருத்திக் கொள்ள வேண்டும்.

களையெடுப்பை விட்டுவிட்டு வந்து நமக்கு விடையளிக்கும் ஒருவர், அரைநாள் கூலியை நமக்காக இழக்கவும் கூடும். அவருடைய நேரத்திற்கு நாம் கடமைப்பட்டவர்கள். வேண்டாத கேள்விகளால் அதனை வீணாக்காதிருத்தலும், கண்ட முடிவை அவ்வூர்க் கிராம சபையிலேயே திரும்ப எடுத்துக் கூறுதலும் அக்கடனைத் தீர்க்கும் வழிகளாகும்.

இப்பருவத்தில் ஆய்வு மேற்கொள்ளவிருக்கும் அன்பர்கள், படிவத்தைக் கையில் எடுப்பதற்கு முன், தம் வினாவை ஒரு வரியிலும், நோக்கங்களை மூன்று வரிகளிலும் எழுதிப் பார்க்குமாறு கேட்டுக் கொண்டு, இவ்வுரையை முடிக்கின்றோம்.