கேட்கத் தெரிந்த ஒலிபரப்பாளர்

(ஆர்.கே.பேட்டை ஊராட்சி ஒன்றியக் கூடத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

இத்தகைய கூட்டங்களில் சாலை, குடிநீர், வீட்டுவசதி, நூறு நாள் வேலை என்று கணக்குப் பேசுவதே நமது வழக்கம். இன்று ஒரு மனிதரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர் நம் ஊரினர் அல்லர். நம் வட்டாரத்தில் பணியாற்றியவரும் அல்லர். ஆயினும் கிராமத்தாருக்குச் செய்தி சொல்வது எப்படி என்று வாழ்நாள் முழுவதும் சிந்தித்தவர். அவர் பெயர் பி. வி. கிருஷ்ணமூர்த்தி. தூர்தர்ஷன் என்னும் நமது அரசுத் தொலைக்காட்சியின் முதல் தலைமை இயக்குநர் அவரே. நண்பர்கள் அவரைப் பி.வி.கே. என்று அழைத்தனர். 2019 அக்டோபரில் சென்னையில் தமது 98 ஆம் வயதில் காலமானார்.

கிருஷ்ணமூர்த்தி 1921 இல் பர்மாவின் அப்போதைய தலைநகரான ரங்கூனில் பிறந்தவர். அந்நாளில் நெல் ஆலையிலும் துறைமுகத்திலும் வட்டிக்கடையிலும் தமிழர் பலர் அங்கு வாழ்ந்தனர் என்பதை நம் வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1942 இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது இலட்சக்கணக்கான இந்தியர்கள் வீடு வாசலை விட்டுத் தாயகம் திரும்பினர். காடும் மலையும் கடந்து நடந்தே வந்தவர் ஏராளம். வழியில் மாண்டவரும் ஏராளம். அவ்வாறு பர்மாவை விட்டு வந்தவர்களில் ஒருவரான இந்த இளைஞர், 1944 இல் அகில இந்திய வானொலியில் சேர்ந்தார்.

அவருக்கு இசையில் பெரும் ஈடுபாடு உண்டு. கச்சேரி செய்து பிழைக்கும் வித்துவான் அல்லர்; காலையில் அலுவலகக் கோப்பையும் மாலையில் சுருதியையும் பார்த்துக்கொண்டவர். இதனைச் சிறப்பாக எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இசை கற்றவனுக்கு முதலில் வாய்ப்பது வாய் அன்று, காது. பக்கத்தில் இருப்பவர் எந்தச் சுருதியில் இருக்கிறார் என்று கேட்டு, அதனோடு தன்னைச் சேர்த்த பின்னரே அவன் பாடத் தொடங்குகிறான். கிருஷ்ணமூர்த்தி தமது உத்தியோகத்தையும் அவ்வாறே நடத்தினார் என்பது நமது எண்ணம்.

1950 களில் அவர் ஒரிசா மாநிலத்தின் கட்டாக் வானொலி நிலையத்தில் இயக்குநராகப் பணியாற்றினார். அந்நிலையம் 1948 ஜனவரியில் தொடங்கப்பெற்றது. அவருக்கு அது அயலூர்; அங்குள்ளோர் பேசுவதோ ஒரிய மொழி. மேலதிகாரி அனுப்பியதை ஒலிபரப்பிவிட்டு மாறுதலுக்காகக் காத்திருந்தாலும் குறை சொல்வார் இலர். அவர் அப்படி இருக்கவில்லை. அந்த மண்ணின் பாட்டு எது, கூத்து எது, அதைப் பாடுவோர் யார் என்று தேடினார். ஒடிசி நடனமும் அதற்குரிய இசையும் நாடறியத் தலைதூக்கிய காலம் அது. அம்முயற்சியில் ஈடுபட்ட கலைஞர்களுக்குக் கட்டாக் வானொலி ஒரு தாய்வீடாக விளங்கியது. வயலின் வித்துவான் புவனேஸ்வர் மிஸ்ரா அங்கு இருந்தார். 1957 இல் அலகாபாத்திலிருந்து பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் அந்நிலையத்தில் புல்லாங்குழல் கலைஞராகச் சேர்ந்தார். மல்லரின் மகனான அவர்தாம் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஹரிபிரசாத் சௌராசியா.

நாம் வாழும் இப்பகுதி எல்லைப் பகுதி. 1960 ஏப்ரல் முதல் நாளன்றுதான் திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர்கள் நம்முடையவை. நெசவாளர் வீடுகளில் தறியோசைக்கு நடுவே இரு மொழியும் கேட்கும். ஆகவே வேற்று மொழிக்காரர் நடுவே சென்று அவர்களுடைய குரலுக்குச் செவி கொடுத்த ஒருவரின் அருமையை நம்மால் எளிதில் உணர முடியும்.

இனி வானொலியும் தொலைக்காட்சியும் கிராமத்துக்கு வந்த கதையைச் சிறிது காண்போம்.

1956 இல் புனே வானொலி நிலையம் ஒரு சோதனை நடத்தியது. சுமார் 150 கிராமங்களில் வானொலிக் கேட்போர் மன்றங்கள் அமைக்கப்பெற்றன. வாரம் இருமுறை அரை மணி நேர நிகழ்ச்சி. மொத்தம் இருபது நிகழ்ச்சிகள். ஒவ்வொரு மன்றத்திலும் பதினைந்து, இருபது பேர் கூடிக் கேட்பார்கள். கேட்டு முடிந்ததும் எழுந்து போய்விடமாட்டார்கள்; அங்கேயே அமர்ந்து விவாதிப்பார்கள். ஐயங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள்; அவற்றுக்கு அடுத்து வரும் நிகழ்ச்சியில் விடை கிடைக்கும். பின்னர் ஆராய்ச்சியாளர் சென்று பார்த்தபோது, மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு கணிசமாக வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களில் அத்தகைய வளர்ச்சி காணப்படவில்லை. பெட்டி ஒன்றே, ஒலித்த சொல்லும் ஒன்றே. கூடிப் பேசியதுதான் வேற்றுமை. 1959 இல் இம்முறை நாடெங்கும் விரிவாக்கப்பட்டது.

நம் மாநிலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1966 இல் வானொலி நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்பு தொடங்கப்பெற்றது. அப்போது ஆடுதுறை 27 என்னும் புதிய குறுவை நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி தொடர்ந்து எடுத்துக் கூறியது. சுமார் 105 நாளில் அறுவடைக்கு வரும் அந்நெல்லைத் தஞ்சை விவசாயிகள் எண்ணைச் சொல்லி அழைக்கவில்லை. 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். காற்றில் வந்த சொல் களத்து மேட்டில் நெல்லாய்க் குவிந்தது என்றால் அது மிகையன்று.

கிருஷ்ணமூர்த்தி பின்னர் தொலைக்காட்சிக்கு வந்தார். 1972 அக்டோபர் 2 ஆம் நாள் பம்பாய்த் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அவர். 1976 ஏப்ரல் 1 ஆம் நாள் தொலைக்காட்சி வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் என்னும் தனி அமைப்பாயிற்று. அதன் முதல் தலைமை இயக்குநராக அவர் பொறுப்பேற்றார்.

அவ்வேளையில் உலகமே வியந்து நோக்கிய ஒரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால், ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி காட்டப்பட்டது. விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. அவர் 1971 இல் மறைந்த பின்னர் நிறைவேறியது. ராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், கர்நாடகம் ஆகியவற்றோடு நம் பக்கத்து ஆந்திரமும் அதில் இடம்பெற்றது. கம்பி வலையால் அமைந்த பெரிய குடை போன்ற வாங்கியைப் பள்ளிக் கூரையிலோ முற்றத்திலோ நிறுத்தி, பொதுவிடத்தில் ஒரு பெட்டியை வைத்தார்கள். மின்சாரம் எட்டாத சில ஊர்களில் மின்கலத்தால் அதனை இயக்கினார்கள். காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் இரண்டரை மணி நேரம் ஊராருக்கு. உழவு, உடல்நலம், குடும்பநலம் ஆகியவற்றைப் பற்றிய நிகழ்ச்சிகள் டில்லி, ஐதராபாத், கட்டாக் ஆகிய நிலையங்களில் தயாராயின. கிருஷ்ணமூர்த்தி முன்னர் செவி கொடுத்துப் பழகிய அதே கட்டாக் நகரம் இவ்வாறு கிராமங்களுக்கு நிகழ்ச்சி செய்யும் இடமாகவும் ஆயிற்று.

ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் வேறிடம் சென்றது. ஆயினும் எளிய கிராமத்தானுக்குப் புதிய கருவி புரியாது என்னும் எண்ணம் பொய்த்துப் போயிற்று. அவனுக்குப் புரிந்தது. அவனுடைய மொழியில், அவனுடைய காரியத்தைச் சொன்னால் போதும் என்பதும் விளங்கிற்று.

அன்பர்களே, இப்போது நம் சொந்த அனுபவத்தைச் சொல்கிறோம். நாம் சிறுவராயிருந்தபோது எங்கள் ஊரில் பொதுத் தொலைக்காட்சி அறை ஒன்று இருந்தது. அதன் சாவி ஒரே வீட்டில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படத்துக்குக் கதவு திறக்கும். 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சி வரும் நேரத்தில் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். வயலிலிருந்து திரும்பும் எங்கள் பெரியம்மா ஒருவர் அந்தப் பூட்டைப் பார்த்து, “பெட்டிக்குள்ளே யாரோ நமக்குத்தான் ஏதோ சொல்லிக்கிட்டிருக்கான், நாம்தான் வெளியிலே நிக்கிறோம்” என்பார்.

இன்று பூட்டு இல்லை. ஒவ்வொருவர் கையிலும் கைபேசி இருக்கிறது. ஆனால் நிலைமை திருந்திவிட்டதா? நாம் முன்பு பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் நடந்ததைக் கேளுங்கள். வேர்க்கடலைப் பயிருக்கு இன்ன இரண்டு மருந்துகளைக் கலந்து அடித்தால் புழு ஒழியும் என்று கைபேசியில் ஒரு குரற்செய்தி வந்தது. சொன்னவர் யார் என்று எவருக்கும் தெரியாது. ஒரே கிராமத்தில் ஆறு விவசாயிகள் அதை நம்பி அடித்தார்கள், இலை கருகிற்று, இரண்டு பேருக்கு விதைக் கடலையும் மிஞ்சவில்லை. இதில் துயரம் என்னவென்றால், முந்தின பட்டத்தில் அதே கலவையை அடித்து நட்டப்பட்ட விவசாயி ஒருவர் அதே தெருவில் இருந்தார். வெட்கத்தால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஓர் இடமும் அந்த ஊரில் இல்லை. வேண்டிய அறிவு ஊருக்குள்ளேயே இருந்தது. கூடிக் கேட்கும் வழக்கம்தான் அற்றுப் போயிருந்தது. அங்கே வட்டார வளர்ச்சிப் பணியில் இருந்த நாமும் அந்தக் குறைக்குப் பொறுப்பாளிகளே. கிராம சபையில் தீர்மானங்களைப் படித்துக் கையொப்பம் வாங்கினோமே தவிர, 'இந்தப் பட்டத்தில் உங்களுக்கு என்ன நேர்ந்தது?' என்று ஒருவரையும் கேட்கவில்லை.

ஆகவே இம்மனிதரின் நினைவாக மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு மாலையில் ஊராட்சிக் கட்டடத்தைத் திறந்து வையுங்கள். சாவி மகளிர் குழுவினரிடம் இருக்கட்டும். வானொலியிலோ தொலைக்காட்சியிலோ வந்த ஒரு வேளாண்மைச் செய்தியை, அல்லது கைபேசியில் பரவிய ஒரு செய்தியை, எல்லாரும் கூடிக் கேளுங்கள். பின்னர் அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசுங்கள். ஐயம் எழுந்தால் ஒரு நோட்டில் எழுதி ஒன்றியத்துக்கு அனுப்புங்கள். வேளாண்மைத் துறையாரிடம் கேட்டு விடை பெற்றுத் தருவது நமது கடமை.

இரண்டாவது, நட்டப்பட்டவரை முதலில் பேச விடுங்கள். விளைந்ததைச் சொல்ல எல்லாரும் முன்வருவர். கருகியதைச் சொல்பவரே ஊரைக் காப்பவர். அவரைப் பார்த்து எவரும் நகைக்கலாகாது.

மூன்றாவது, நம் ஊர்ப் பாட்டையும் கூத்தையும் பதிவு செய்யுங்கள். திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் பாடும் முதியவர், நாற்று நடும்போது பாடும் மூதாட்டி, தறி மேடையில் தெலுங்குப் பாட்டுப் பாடும் நெசவாளர் ஆகியோரின் குரலை உங்கள் பிள்ளைகள் கைபேசியிலேயே பதிவு செய்யலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. பாடியவர் பெயரையும் ஊரையும் நாளையும் உடன் குறித்து வையுங்கள். 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் சமுதாய வானொலி நடத்த அரசு அனுமதி தருகிறது. தெலுங்கு நாட்டில் மாச்சனூர் என்னும் சிற்றூரில் ஏழைப் பெண்களே 2008 அக்டோபரில் தங்கள் வானொலியைத் தொடங்கி, விதையைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் தம் சொந்த மொழியில் பேசினார்கள். நம் வட்டாரத்துக்கும் அத்தகைய வாய்ப்பு வரும் நாளில் ஒலிபரப்ப நம்மிடம் ஏதேனும் இருக்க வேண்டும் அன்றோ?

இவற்றை அலுவலர் ஆணையாகக் கொள்ள வேண்டாம். நாம் இன்று இருப்போம். நாளை மாறுதலில் செல்வோம். ஊரார் தமதென்று கொண்டாலன்றி எந்த மன்றமும் நிலைப்பதில்லை என்பதைப் பழைய வானொலி மன்றங்கள் பல மறைந்த விதமே காட்டுகிறது.

கிருஷ்ணமூர்த்தி நாடு முழுவதற்கும் செய்தி அனுப்பும் நிலையத்தின் தலைவராக இருந்தார். ஆயினும் அவருடைய தொண்டு, பிறர் குரலுக்குக் காது கொடுத்ததில் தொடங்கியது. நம் ஊராட்சிகளிலும் அந்தக் காது திறக்கட்டும். வரும் பட்டத்துக்கு விதைக்கும் முன்னரே முதல் மாலைக் கூட்டத்தை எந்த ஊர் கூட்டுகிறதோ, அந்த ஊருக்கு நாமும் வந்து பின்வரிசையில் அமர்ந்து கேட்போம்.