திரும்பி வந்த துணிக்கை

(மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஊரில் பௌதிகம் படிப்பித்தவன் என்பதால் என்னைப் பேசக் கேட்டிருக்கிறார்கள். அணுவுக்குள் என்ன இருக்கிறது என்பதை மனிதன் அறிந்துகொண்ட கதையைச் சொல்கிறேன்.

நேர் மின்னேற்றம் அணு முழுவதும் பரவியிருக்கிறது, அதற்குள் இலத்திரன்கள் கேக்குக்குள் பிளம்ஸ் மாதிரிப் பதிந்திருக்கின்றன என்று ஜே. ஜே. தொம்சன் என்ற பேரறிஞர் கருதினார். அவரிடம் படித்தவர்தான் ரதபோட். நியூசிலாந்தில் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் பிறந்து, 1895இல் புலமைப்பரிசிலில் இங்கிலாந்து வந்தவர். 1907இல் மஞ்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அங்கே அவருக்கு உதவியாளர் யேர்மனியரான கைகர். அவர்களோடு மாஸ்டன் என்றொரு மாணவன். வயது இருபது, இன்னும் பட்டம் பெறவில்லை. 1909இல் ரதபோட் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார். அல்பா துணிக்கைகள் உலோகத்தில் பட்டுத் திரும்பி வருகின்றனவா எண்டு பார்! வரும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

துணிக்கை ஒன்று திரையில் பட்டால் சின்ன ஒளிப்பொட்டு ஒன்று தோன்றி மறையும். இருட்டறைக்குள் இருந்து, நுணுக்குக்காட்டியால் பார்த்து, ஒவ்வொன்றாக எண்ணவேண்டும். கண் பூத்துப்போகும் வேலை! மெல்லிய தங்கத்தகட்டை அநேகமான துணிக்கைகள் ஊடுருவிப் போய்விடும். ஆனால் சில திரும்பி வந்தன! பிளாற்றினத்தில் பட்டவற்றில் ஏறக்குறைய 8,000க்கு ஒன்று.

மெல்லிய கடதாசியில் அடித்த 15 அங்குல ஷெல் திரும்பி வந்து எங்களையே தாக்கியது போல இருந்தது என்று ரதபோட் பிற்காலத்தில் சொன்னார். ஷெல் எண்டால் என்ன எண்டு எங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பரந்து கிடக்கும் மின்னேற்றம் இவ்வளவு பலமாகத் திருப்பித் தள்ளாது. அப்படியென்றால் அது ஒரு சிறு புள்ளிக்குள் ஒடுங்கியிருக்கவேண்டும். திணிவும் அநேகமாக அங்கேதான். 1911இல் இதை வெளியிட்டார். அதுவே அணுக்கரு. தங்க அணு நூறு மீற்றர் மைதானம் என்றால், கரு நடுவில் கிடக்கும் ஒரு பயறு. மிச்சம் பெரும்பாலும் வெறுவெளி!

பிள்ளைகளே, அந்த எட்டாயிரத்தில் ஒன்றை "ஏதோ பிழை" என்று மாஸ்டன் விட்டிருந்தால்? தன் ஆசிரியரின் கருத்தை மறுக்க ரதபோட் தயங்கியிருந்தால்? பெற்றோர்களே, பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், "அது புத்தகத்தில் இல்லை, பேசாமல் இரு" என்று சொல்லாதேங்கோ. இந்த நாட்டில் நாங்கள் கொடுக்கக்கூடிய சீதனம் அதுதான்.