வடிவமும் தெளிவும்: கூம்புக் கருவிழியை அளக்கும் முறை
மாநாட்டுத் தலைமை உரை

கண்ணுக்குள் வரும் ஒளியை முதலில் குவிப்பது கருவிழிப் படலம். கண்ணின் மொத்தக் குவியத் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 43 டயாப்டர், இப்படலத்தினுடையது. நடுவில் இதன் தடிமன் சுமார் 540 மைக்ரான். அதில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரோமா என்னும் கொலாஜன் அடுக்கு. அங்குள்ள இழைகள் ஒரே பருமனும் சீரான இடைவெளியும் கொண்டிருப்பதால் ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது. படலத்தின் வளைவைத் தாங்கி நிற்பவையும் அவ்விழைகளே. ஆகவே தெளிவுக்கும் வடிவத்துக்கும் அடிப்படை ஒன்றுதான். கெரட்டோகோனஸ் எனப்படும் கூம்புக் கருவிழி நோய் அந்த அடிப்படையையே குலைக்கிறது.

இந்நோயில் படலம் மெலிந்து, பெரும்பாலும் நடுவுக்குச் சற்றுக் கீழே, முன்னோக்கிப் பிதுங்குகிறது. பதின்ம வயதில் தொடங்கி, முப்பது வயதைக் கடந்தும் முற்றக்கூடியது. கண்ணைக் கசக்கும் பழக்கத்துக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. லிவர்பூல் மருத்துவர் ஜான் நாட்டிங்ஹாம் 1854-இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். வளைவை எண்ணாகச் சொல்லும் கருவிகள் மருத்துவரின் அறைக்கு வந்தது அதன் பிறகுதான்.

போர்ச்சுகல் நாட்டு அன்டோனியோ பிளாசிடோ 1880-இல் கறுப்பு, வெள்ளை வளையங்கள் வரைந்த வட்டத் தட்டு ஒன்றை அறிமுகப்படுத்தினார். நலமான கண்ணில் அவ்வளையங்கள் வட்டமாகவும் சம இடைவெளியிலும் பிரதிபலிக்கும். கூம்பு விழுந்த கண்ணிலோ, கீழ்ப்பாதியில் வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கி, முட்டை வடிவில் இழுபட்டுத் தெரியும். மறு ஆண்டே ஜவால், ஷியோட்ஸ் இருவரின் கெரட்டோமீட்டர் வந்தது. அது வளைவை டயாப்டரில் சொன்னாலும், நடுவில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வட்டத்தின் விளிம்பிலுள்ள சில புள்ளிகளை மட்டுமே அளக்கிறது. கூம்பு கீழே ஒதுங்கியிருந்தால் தொடக்க நிலை நோய் அதன் கண்ணில் படாமலே போய்விடும். 1980-களில் பிளாசிடோ வளையங்களோடு கணினி சேர்ந்தபோது, முன்பரப்பு முழுவதும் வண்ண வரைபடமாகக் கிடைத்தது. மேற்பாதியைவிடக் கீழ்ப்பாதி 1.4 டயாப்டருக்கு மேல் செங்குத்தாக இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும் என்ற ரபினோவிட்ஸின் அளவுகோல் அவ்வரைபடத்திலிருந்து பிறந்ததே.

ஆனால் பிரதிபலிப்பு சொல்வது முன்பரப்பை மட்டும். நோயின் தொடக்க மாற்றம் பின்பரப்பில் ஒளிந்திருக்கலாம். இதற்கு வழி செய்தது, வான்வழி நிழற்படங்களுக்காக ஆஸ்திரியாவின் தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் வகுத்த ஒளியியல் நெறி. அந்நெறியில் இயங்கும் பென்டாகாம், ஏறத்தாழ இரண்டு நொடியில் கண்ணைச் சுற்றிவந்து படலத்தின் குறுக்குவெட்டுப் படங்களை எடுக்கிறது. முன்பரப்பு, பின்பரப்பு, ஒவ்வோர் இடத்துத் தடிமன் ஆகிய மூன்றும் ஒரே பதிவில் கிடைக்கின்றன. ஓசிடி கருவி மேல்தோலின் தடிமனையும் தனியே காட்டுகிறது. கூம்பின் உச்சியில் மேல்தோல் மெலிந்தும் அதைச் சுற்றி வளையமாகத் தடித்தும் இருக்கும். பிதுக்கத்தை மேல்தோல் ஓரளவு மறைத்துவிடுவதால், முன்பரப்பு வரைபடத்தை மட்டும் நம்பினால் தொடக்க நிலை நோய் தப்பிவிடும்.

தெளிவை அளப்பது பின்னால் வந்தது. ஸ்லிட் லாம்பில் தெரியும் தழும்பையும் மங்கலையும் மருத்துவர்கள் கண்மதிப்பில் தரம் பிரித்து வந்தார்கள். ஷைம்ப்ஃப்ளூக் படங்களில் படலம் பின்னோக்கிச் சிதறும் ஒளியை டென்சிட்டோமெட்ரி எண்ணாக்குகிறது. முழுத் தெளிவுக்கு 0, முழு ஒளிபுகாமைக்கு 100. முன்பகுதி 120 மைக்ரான், பின்பகுதி 60 மைக்ரான், இடைப்பட்ட பகுதி என ஆழவாரியாகவும், நடுவிலிருந்து விளிம்புவரை வட்டவாரியாகவும் எண் கிடைக்கிறது. தழும்பு கண்ணுக்குத் தெரியாத நிலையிலேயே கூம்புக் கருவிழியின் முன்பகுதி நடுவில் எண் உயர்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இரண்டு அளவுகளும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதற்குக் கொலாஜன் கிராஸ்லிங்கிங் சிகிச்சை தெளிவான சான்று. வோலன்சாக், ஸ்போர்ல், சைலர் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட டிரெஸ்டன் முறையில், ரைபோபிளேவின் சொட்டு மருந்தும் புறஊதாக் கதிரும் சேர்ந்து இழைகளைப் பிணைக்கின்றன. சிகிச்சைக்குப் பின் முதல் சில மாதங்கள் படலம் சற்று மங்கலாகி, டென்சிட்டோமெட்ரி எண் உயர்ந்து, ஓராண்டளவில் பெரும்பாலும் தணிகிறது. அந்த மங்கல் இருக்கும்வரை ஷைம்ப்ஃப்ளூக் கருவி தடிமனை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். தெளிவின் எண்ணைப் பாராமல் தடிமனின் எண்ணை மட்டும் படிப்பவர், நோய் முற்றுவதாகத் தவறாகக் கருதிவிடுவார்.

நோய் முற்றுகிறதா என்பதை 2015-இல் வெளியான உலகளாவிய ஒருமித்த கருத்தறிக்கை இவ்வாறு வரையறுக்கிறது: முன்பரப்பு செங்குத்தாதல், பின்பரப்பு செங்குத்தாதல், படலம் மெலிதல் ஆகிய மூன்றில் இரண்டேனும், கருவியின் அளவீட்டுப் பிழையைத் தாண்டி நிகழ வேண்டும். இப்பிழை எல்லாக் கண்ணிலும் ஒரே அளவன்று. முற்றிய கூம்பில், ஒரே நாளில் எடுத்த இரு பதிவுகளுக்கிடையே அதிகபட்ச வளைவு 1 டயாப்டருக்கு மேலும் வேறுபடலாம். கண்ணீர்ப் படலம் உடைந்தாலும், அண்மைவரை காண்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தாலும் வரைபடம் மாறும். கடின லென்ஸ் கூம்பை மறைத்து நல்ல பார்வை தருவதால், எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படிப்பதும் நோய் நின்றதற்குச் சான்றாகாது.

நோயின் பரவல் பற்றிய எண்களும் அளக்கும் முறையோடு மாறுகின்றன. அமெரிக்காவின் மினசோட்டாவில் கெரட்டோமீட்டர் காலத்துப் பதிவுகளைக் கொண்டு 1986-இல் வெளியான ஆய்வு, இலட்சம் பேருக்குச் சுமார் 54 என்றது. மகாராஷ்டிர கிராமங்களில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு, 48 டயாப்டரை எல்லையாகக் கொண்டு 2.3 விழுக்காடு என்றது. மக்களும் வேறு, எல்லைக்கோடும் வேறு என்பதால் இவற்றை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

எனவே இம்மாநாட்டின் அமர்வுகள் ஒரு பொது நெறியை வகுக்க வேண்டும். ஒவ்வொரு வருகையிலும் வடிவமும் தெளிவும் ஒரே கருவியில் சேர்த்து அளக்கப்பட வேண்டும். லென்ஸை நிறுத்திப் போதிய நாள் கடந்த பின்னரே பதிவு எடுக்க வேண்டும். ஒரே அமர்வில் மூன்று பதிவுகளேனும் எடுத்து, அவற்றின் வேறுபாட்டையும் கோப்பில் குறிக்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சிகிச்சை இப்போதே தேவையா, காத்திருக்கலாமா என்ற முடிவு இந்த எண்களைக் கொண்டே எடுக்கப்படுகிறது. அவை நம்பத்தக்கவையாக இருப்பது அளப்பவர்களின் பொறுப்பு.