ஏசி கேஸ் தீர்ந்துபோவதில்லை, கசிந்துதான் போகிறது

(நம் சங்கத்தின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பகுதியில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் பெருகிவிட்டதால், வண்டி ஏசி பற்றிப் பேசச் சொன்னார்கள். கத்திரி வெயிலுக்கு முன்பே பேசுவது நல்லதுதான். கூட்டேரிப்பட்டிலிருந்து திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு நடுப்பகலில் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு ஏசி ஆடம்பரம் இல்லை.

ஏசி குளிரவில்லை என்றதும் நாம் சொல்லும் முதல் வார்த்தை, "கேஸ் போடணும்." இங்கேதான் பணம் வீணாகிறது. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. வீட்டு பிரிட்ஜுக்கு ஆண்டுதோறும் கேஸ் போடுகிறோமா? காரில் ரப்பர் ஹோஸ் இருப்பதால் பல ஆண்டுகளில் கொஞ்சம் குறையும். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் போட வேண்டியிருந்தால், எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள்.

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் நீங்களே கவனிக்கக் கூடியவை சில உண்டு.

காற்றே குறைவாக வருகிறதா? டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் பில்டரைப் பாருங்கள். நம் ஊர்ப் புழுதியில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வயல் ஓரம் நிறுத்தும் வண்டியில் எலி கூடு கட்டியிருக்கும், ஒயரையும் கடித்திருக்கும்.

ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் நின்றால் சூடாகிறதா? முன்பக்கம் இருக்கும் கண்டென்சரில் மண் படிந்திருக்கலாம், அல்லது அதன் மின்விசிறி சுற்றாமல் இருக்கலாம். எஞ்சின் ஆறிய பிறகு மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

ஏசி பட்டனை அழுத்தியதும் 'டக்' என்ற சத்தம் கேட்கிறதா? பெரும்பாலான பழைய கார்களில் கம்ப்ரஸரின் கிளட்ச் பிடிக்கும் சத்தம் அது. கேட்கவில்லை என்றால் பியூஸ், ரிலே, ஒயர் ஆகியவற்றில் பழுது இருக்கலாம். கேஸ் மிகவும் குறைந்திருந்தாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாது.

வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம், அது காற்றின் ஈரம். உள்ளே கால்மிதியில் சொட்டினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் குழாய் வேலை. அதை வீட்டில் செய்யாதீர்கள். உள்ளே அழுத்தம் அதிகம். பீறிடும் கேஸ் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

நல்ல மெக்கானிக் முதலில் இரண்டு கேஜ் மாட்டுவார். இரண்டு பக்கமும் அழுத்தம் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டு பக்கமும் அதிகம் என்றால் கண்டென்சரில் கோளாறு, அல்லது கேஸ் அளவுக்கு மீறி இருக்கிறது. தாழ்ந்த பக்கம் அதிகமாகவும் உயர்ந்த பக்கம் குறைவாகவும் இருந்தால் கம்ப்ரஸர் மேல் சந்தேகம் வரும்.

கேஸ் குறைவு என்றால் கசிவைத் தேட வேண்டும். கேஸோடு எண்ணெயும் வெளியேறுவதால், இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு அழுக்கு ஒட்டியிருக்கும் இடமே முதல் தடயம். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். பல நேரங்களில் சின்ன ஓ-ரிங் மாற்றினாலே போதும். கூலிங் காயிலில் ஓட்டை என்றால் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், செலவு கூடும். சரிசெய்த பிறகு வேக்யூம் போட்டு, அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்துத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். கம்ப்ரஸர் உள்ளே தேய்ந்து உலோகத் தூள் பரவியிருந்தால், குழாய்களைச் சுத்தம் செய்து டிரையரையும் மாற்ற வேண்டும். இல்லையேல் புது கம்ப்ரஸரும் கெட்டுவிடும்.

கேஸின் வகையும் முக்கியம். மிகப் பழைய கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தை அரித்ததால், 1987 மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி கைவிடப்பட்டது. அதன் இடத்தில் வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் கரியமில வாயுவைவிடச் சுமார் 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதனால்தான் 2016இல் கிகாலியில் கூடிய நாடுகள் இத்தகைய கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டன. ஒரு காரிலிருந்து 400 கிராம் கசிந்தால், சுமார் 570 கிலோ கரியமில வாயுவை வெளியேற்றியதற்குச் சமம். மலிவு என்று எரியும் தன்மையுள்ள கலப்பு கேஸை ஏற்ற விடாதீர்கள். விபத்தில் குழாய் உடைந்தால் தீப்பிடிக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது பானெட்டுக்குள் ஸ்டிக்கரில் இருக்கும்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகாதீர்கள். காலையில் எந்த ஏசியும் குளிரும். உச்சி வெயிலில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, கால் மணி நேரம் ஓட்டியும் நிறுத்தியும் பாருங்கள். "கேஸ் போட்டால் சரியாகிடும்" என்று விற்பவர் சொன்னால், "போட்டுக் கொடுங்கள், பத்து நாள் கழித்து வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். பெரிய கசிவு இருந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

பில் கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே கசிந்தது? என்ன கேஸ் போட்டீர்கள்? எத்தனை கிராம்? மூன்றுக்கும் பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த கோடையில் மறுபடி குளிராமல் போனால், எங்கே தேடத் தொடங்குவது என்பதை அந்தத் தாள் சொல்லும்.