இணையப் படமும் விஞ்ஞானப் பாடமும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில், ஓய்வு பெற்ற உயர்நிலைப் பள்ளி விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிக்கு ஒரு பெரிய தொலைக்காட்சிப் பெட்டியும் இணைய இணைப்பும் வேண்டும் என்ற கோரிக்கை உங்களில் பலரிடம் வந்திருக்கும். அதற்குப் பொருள் செலவிடுவது தகுமா என்று என்னைக் கேட்டார்கள். தகும். ஆயினும், பெட்டியைச் சுவரில் மாட்டியவுடன் விஞ்ஞானம் கற்பித்தாயிற்று என்று எண்ணிவிடலாகாது. அதைச் சொல்லவே வந்தேன்.

படங்களுக்கு இன்று பஞ்சமில்லை. யூடியூப் 2005-ஆம் ஆண்டில் தோன்றியது. மறு ஆண்டே அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர் (இந்தி நடிகர் அல்லர், இவர் வேறு) தம் உறவினர் பிள்ளைகளுக்காகக் கணக்குப் பாடங்களைப் படமாக்கி அதில் ஏற்றலானார். நம் மாநிலத்தில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடு அச்சிடப்பட்டது. கைப்பேசியை அதன்மேல் காட்டினால் பாடத்துக்குரிய படம் வரும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கப் பெற்றது.

நானும் என் வகுப்பில் இத்தகைய படம் ஒன்றைக் காட்டினேன். நியூட்டன் விதிகளைப் பற்றியது; மிகத் தெளிவானது. பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். "புரிந்ததா?" என்றேன். "நன்றாகப் புரிந்தது ஐயா" என்றார்கள். மறுநாள் ஒரு பந்தை மேல்நோக்கி எறிந்து, "என் கையை விட்டபின் மேலே செல்லும் இந்தப் பந்தின்மேல் எந்த விசை செயற்படுகிறது?" என்று கேட்டேன். பெரும்பாலோர், "நீங்கள் எறிந்த விசை ஐயா" என்றனர். உங்களில் பலரும் மனத்துக்குள் அதையே சொல்லியிருப்பீர்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. கையை விட்ட கணமே கையின் விசை நின்றுவிடுகிறது. காற்றின் சிறு தடையை ஒதுக்கினால், பூமி கீழே இழுக்கும் விசை ஒன்றே எஞ்சும். முன்பே பெற்ற வேகத்தினால்தான் பந்து மேலே போகிறது. இதையேதான் முதல் நாள் படமும் சொல்லியிருந்தது!

என் கற்பிப்பில்தான் குறை என்று வருந்திக் கொண்டிருந்தேன். பின்னர், ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக் கழகத்தில் டெரெக் முல்லர் என்பவர் 2008-இல் முடித்த ஆராய்ச்சியைப் பற்றி அறிந்தேன். தெளிவான விளக்கப் படத்தைப் பார்த்த மாணாக்கர் அதை எளிது என்றனர். ஆனால் சோதனையில் அவர்கள் முன்னேறவில்லை. மக்கள் வழக்கமாகக் கொள்ளும் தவறான எண்ணத்தை முதலில் சொல்லி, அதை வாதித்து மறுக்கும் வேறொரு படத்தைப் பார்த்தவர்களோ, குழப்பமாக இருந்தது என்று குறைகூறினர். ஆயினும் கூடுதலாகக் கற்றவர்கள் அவர்களே. தமக்குத் தெரிந்ததையே படம் சொல்வதாக எண்ணிக்கொண்டால் மனம் ஊன்றிப் பார்ப்பதில்லை.

அதன்பின் என் வழக்கத்தை மாற்றினேன். நிலவில் சுத்தியலும் இறகும் விழும் படம் ஒன்று இணையத்தில் உண்டு. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் அங்கே நின்று இரண்டையும் ஒருசேர விட்டது. சுத்தியல் கையிலிருக்கும்போதே படத்தை நிறுத்திவிடுவேன். எது முதலில் விழும் என்பதை ஒவ்வொருவரும் ஏட்டில் எழுத வேண்டும். எழுதிய பிறகே படம் மேலே ஓடும். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொடும்போது வகுப்பில் எழும் கூச்சலைத் தலைமை ஆசிரியர் வந்து அடக்க வேண்டியிருந்தது.

நிலவுக்கு நம் பிள்ளைகள் போக முடியாது. அதைப் படத்தில் பார்க்கட்டும். ஆனால் மஞ்சள் தடவிய தாள் சுண்ணாம்பு நீரில் சிவப்பதையும் படத்தில் பார்ப்பானேன்? மஞ்சளும் சுண்ணாம்பும் எந்த ஊரில் இல்லை?

கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளர் அரவிந்த் குப்தா, 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர், கழித்துப் போட்ட பொருள்களைக் கொண்டு விஞ்ஞானப் பொம்மைகள் செய்யும் முறையைச் சிறு சிறு படங்களாக இணையத்தில் இலவசமாக அளித்திருக்கிறார். அவற்றில் ஒன்று சிறிய மின் மோட்டார். ஒரு டார்ச் பேட்டரி, இரண்டு ஊக்குகள், ஒரு காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பிச் சுருள், இவ்வளவே. கம்பியை, கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுபவரிடம் கேட்டால் துண்டு துண்டாகக் கொடுப்பார். சுருளின் ஒரு முனையில் எனாமலை முழுதும் சுரண்ட வேண்டும். மறு முனையில் ஒரு பக்கம் மட்டுமே. இரண்டையும் முழுதும் சுரண்டிவிட்ட பிள்ளையின் மோட்டார் துடிக்கும், தொடர்ந்து சுற்றாது. ஏன்? முதல் அரைச்சுற்றில் முன்னே தள்ளிய விசை, அடுத்த அரைச்சுற்றில் பின்னே இழுக்கிறது. அந்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கவே எனாமலை ஒரு பக்கம் விட்டுவைக்கிறோம். படத்தை மட்டும் பார்த்தவனுக்கு இந்தக் கேள்வியே எழாது.

ஆகவே, பெட்டிக்கு ஒதுக்கும் தொகையோடு கம்பிக்கும் காந்தத்துக்கும் சில நூறு ரூபாயைச் சேர்த்து ஒதுக்குங்கள். மழைக்காலத்தில் இணைப்பு அறுந்துபோகும். படங்களை முன்கூட்டியே பென் டிரைவில் இறக்கி வைக்கச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி பெரும்பாலும் பையன் கையில்தான் இருக்கிறது. பெண் பிள்ளைகள் இப்படங்களைப் பார்க்க வேண்டுமானால், பள்ளி விட்டபின் ஒரு மணி நேரமாவது ஊர் நூலகமோ பள்ளியறையோ திறந்திருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதைக் கிராம சபையிலேயே முடிவு செய்யலாம்.

மற்றொன்று. விஞ்ஞான ஆசிரியர் இடம் காலியாக உள்ள பள்ளியில், "அதுதான் படம் இருக்கிறதே" என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சி உறுப்பினருக்கும் இடம் உண்டு. காலி இடத்தை நிரப்பக் கோரி அங்கே தீர்மானம் எழுதுங்கள். நிரப்பும் வரை எழுதிக்கொண்டே இருங்கள். படத்தை நிறுத்திக் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும்.

நான் சொன்ன மோட்டார் இதோ இந்த மேஜையின்மேல் இருக்கிறது. வேண்டுமென்றே இரண்டு முனைகளையும் முழுதும் சுரண்டி வைத்திருக்கிறேன். பக்கத்தில் புதுக் கம்பியும் பிளேடும் இருக்கின்றன. தேநீர் வரும் வரை, சுற்ற வைத்துப் பாருங்கள்.